மெயில் ஆர்க்கைவ், ஈ-டிஸ்கவரி: கஞ்சிக்கோட்டு ஃபவுண்ட்ரிக்கு எந்த மென்பொருள் சரிப்படும்?

வாளையார்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பாலக்காடு பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் வால்வு பாடி வார்க்கிற ஃபவுண்ட்ரி ஒன்றில் ஐ.டி. பார்க்கிறேன். டிபார்ட்மென்ட் என்றால் நானும் ஒரு தம்பியும்தான், சர்வரிலிருந்து கேட் பக்கத்து சி.சி.டி.வி. வரை எங்கள் தலையில். மொத்தம் 140 மெயில்பாக்ஸ்.

போன வாரம் அமெரிக்க கஸ்டமர் ஒருவரிடமிருந்து அவர்களுடைய வக்கீல் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வந்தது. நாங்கள் வார்த்துக் கொடுத்த பாடியை வைத்து அவர்கள் செய்த வால்வு எங்கேயோ ஒரு ஆலையில் கசிந்து, அதில் அவர்கள் மேல் கேஸ் விழுந்திருக்கிறது. 2019 முதல் 2022 வரை குறிப்பிட்ட சில ஹீட் நம்பர்களை (உலையில் ஒவ்வொரு முறை உருக்குவதற்கும் நாங்கள் போடுகிற எண்) சொல்லி, அது தொடர்பான மெயில், சாட், டிராயிங், டெஸ்ட் சர்டிஃபிகேட், ஃபர்னஸ் லாக் எதையும் அழிக்கக் கூடாது, கேட்கும்போது தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வழக்குக்காக இப்படி மின்னணுப் பதிவுகளைத் தேடி எடுத்துக் கொடுப்பதைத்தான் ஈ-டிஸ்கவரி என்கிறார்கள். பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்து நிபந்தனைகளில் இப்படி ஒரு வரி இருப்பதை அன்றைக்குத்தான் நாங்கள் படித்தோம்.

எம்.டி. கூப்பிட்டு "ஒரு நல்ல சாஃப்ட்வேரா பார்த்து வாங்கிடு, இந்தத் தலைவலி திரும்ப வரக்கூடாது" என்றார். மூன்று வெண்டர் வந்து டெமோ காட்டிவிட்டார்கள். ஒருவர் யூசர் கணக்கில் விலை சொல்கிறார், ஒருவர் ஜி.பி. கணக்கில், மூன்றாமவர் இரண்டும் கலந்து. முதல் கொட்டேஷனுக்கும் கடைசிக் கொட்டேஷனுக்கும் ஆறு மடங்கு வித்தியாசம். டெமோவில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தது, தேடினால் நொடியில் வருகிறது, கலர் கலராக கிராஃப் வருகிறது.

எங்கள் நிலைமை இது. 2021-லிருந்து மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்ட். அதற்கு முன்னால் ஒரு ஹோஸ்டிங்கில் பாப் மெயில், அதாவது மெயிலை அவரவர் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்வது, அதனால் பழசெல்லாம் அங்கங்கே பி.எஸ்.டி. ஃபைலாக (அவுட்லுக் மெயிலைச் சேமிக்கிற ஃபைல்) கிடக்கிறது. கஸ்டமருக்குப் போகிற மெயில் இங்கிலீஷ். உள்ளே பேசிக்கொள்வது முழுக்க வாட்ஸ்அப், அதில் மோல்டிங்காரர்கள் தமிழ், டிஸ்பாட்ச் மலையாளம், பாதிப் பேர் இரண்டையும் இங்கிலீஷ் எழுத்திலேயே தட்டுகிறார்கள். ஃபர்னஸ் லாக் கைப்பட எழுதின நோட்டு.

எதை எடுக்கலாம்? வெண்டரிடம் என்ன கேட்க வேண்டும்? இதில் அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.


போத்தனூர் மெயில்காரர்:

தம்பி, மென்பொருளை இரண்டு நாள் தள்ளி வையுங்க. கடிதம் வந்து ஒரு வாரம் ஆச்சு என்கிறீங்க, அந்த ஒரு வாரத்தில் உங்க பக்கம் என்னவெல்லாம் தானாகவே அழிந்துகொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்க. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் ஒருவர் மெயிலை டெலீட் செய்து, டெலீட்டட் ஐட்டம்ஸிலிருந்தும் எடுத்துவிட்டால், சாதாரணமாக 14 நாள்தான் அதைத் திரும்ப எடுக்க முடியும், அட்மின் நீட்டி வைத்தாலும் 30 நாள்தான். வேலையை விட்டுப் போனவரின் லைசென்ஸைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுக்கிற வழக்கம் எல்லாக் கம்பெனியிலும் உண்டு, அப்படிச் செய்த 30 நாளில் பழைய மெயில்பாக்ஸ் போய்விடும். சமீபத்தில் யாராவது ரிசைன் செய்திருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்க, இதைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே பார்த்தாலும் சரி.

பிசினஸ் ஸ்டாண்டர்டில் லிட்டிகேஷன் ஹோல்ட், அதாவது வழக்குக்காக மெயிலை அழியவிடாமல் பிடித்து வைப்பது, போட முடியாது. பிசினஸ் பிரீமியத்தில் போடலாம், ஈ3 என்ற திட்டத்திலும் போடலாம். 140 பேருக்கும் மாற்ற வேண்டியதில்லை, கடிதத்தில் உள்ள ஹீட் நம்பர்களைத் தொட்டவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்து அவர்களுக்கு மட்டும் லைசென்ஸை ஏற்றினால் போதும். ஹோல்ட் போட்ட உடனே பிடிக்காது, 240 நிமிடம் வரை ஆகலாம். அது பிடித்த பிறகு யூசர் என்ன அழித்தாலும் அடியில் ஒரு பிரதி இருக்கும். உங்க அவசரத்துக்கு இதுவே பாதி வேலை, புதிதாக எதுவும் வாங்காமலேயே.

அப்புறம் ஆர்க்கைவ். பேக்கப் இருக்கே, அது போதாதா என்று எம்.டி. கட்டாயம் கேட்பார். பேக்கப் ராத்திரி ஓடும். காலையில் வந்த மெயிலை மதியமே ஒருவர் முழுசாக அழித்திருந்தால் அது பேக்கப்பில் ஏறியிருக்கவே வாய்ப்பில்லை. ஏறியிருந்தாலும், 2020 ஜூனில் போன ஒரே ஒரு மெயிலைப் பார்க்க முழு மெயில்பாக்ஸையும் ரீஸ்டோர் செய்து உட்கார்ந்திருக்கணும். ஆர்க்கைவ் என்பது ஜர்னலிங் வழியாக, மெயில் சர்வரைக் கடக்கும்போதே ஒரு பிரதியை எடுத்துக்கொள்வது, யாருக்கு பி.சி.சி. போனது என்பது வரைக்கும் அதில் பதிவாகும். ஒன்று கவனிங்க, எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மெயில்பாக்ஸ் ஒன்றையே ஜர்னல் பெட்டியாக வைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் விடுவதில்லை, வெளியே ஒரு இடம் வேணும். உங்களுக்குத் தனி ஆர்க்கைவ் மென்பொருள் தேவைப்படும் என்றால் அது இந்த இடத்துக்குத்தான்.

வெண்டரிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி உள்ளே போடுவதைப் பற்றி இல்லை. "நான் உங்களை விட்டுப் போகும்போது என் மெயிலை எந்த வடிவத்தில், எத்தனை நாளில், எவ்வளவு காசுக்குத் திருப்பித் தருவீங்க?" இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்க. முன்னால் நான் இருந்த மில்லில் ஒரு ஆர்க்கைவ் வைத்திருந்தோம், பெயர் வேண்டாம். அது மெயிலின் உடம்பை எடுத்துத் தன் சர்வரில் வைத்துக்கொண்டு, மெயில்பாக்ஸில் இரண்டு கே.பி.க்கு ஒரு அடையாளச் சீட்டை மட்டும் விட்டு வைக்கும், ஸ்டப் என்பார்கள். இடம் மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஐந்து வருஷம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டபோதுதான் தெரிந்தது, அந்தச் சீட்டைத் திறந்தால் எரர்தான் வருகிறது, மெயில் அவர்களுடைய சொந்த ஃபார்மட்டில் அடைபட்டுக் கிடக்கிறது. வெளியே எடுக்க ஒரு நாளைக்கு இத்தனை ஜி.பி.தான் என்று வேகக் கட்டுப்பாடு வேறு. எட்டு மாதம் அந்தப் பழைய சர்வரை உயிரோடு வைத்துக்கொண்டு தினமும் காலையில் போய்ப் பார்த்து, நின்றுபோன எக்ஸ்போர்ட்டைத் திரும்ப ஓடவிட்டதுதான் என் வேலை. அக்கவுன்ட்ஸ் அம்மா ஒருவர் ஒரு பழைய டெண்டர் மெயிலுக்காக வந்து நிற்கும்போது என்னிடம் கொடுக்க எதுவும் இல்லை.

அந்த பி.எஸ்.டி.களையும் சீக்கிரம் ஒரு இடத்துக்குக் கொண்டு வாங்க. அவுட்லுக் 2002 வரை இருந்த பழைய வகை பி.எஸ்.டி. 2 ஜி.பி.யைத் தொட்டதும் கெட்டுப்போகும், யாரிடமாவது அந்தக் காலத்து ஃபைல் இருந்தால் திறந்து பார்க்காதீங்க. முதலில் காப்பி, அப்புறம் அந்தக் காப்பியில்தான் கை வைக்கணும்.


பாலக்காட்டு வக்கீல்:

மேலே சொன்னது சரி, நான் சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். இது பொதுவான விளக்கம்தான் தம்பி, கடிதத்தை உங்கள் கம்பெனி வக்கீலிடம் கட்டாயம் காட்டுங்கள்.

அமெரிக்க ஃபெடரல் சிவில் விதிகளில் மின்னணுத் தகவல் என்று தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது 2006-ல். 2015 டிசம்பர் 1 முதல் விதி 37(ஈ) இப்போதைய வடிவத்தில் இருக்கிறது. வழக்கு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய கட்டத்திலேயே, அதாவது சம்மன் வருவதற்கு முன்பே, பாதுகாக்கும் கடமை தொடங்கிவிடும். நியாயமான நடவடிக்கை எடுக்காததால் தகவல் தொலைந்து, வேறு எங்கிருந்தும் அதை மீட்க முடியாமலும் போனால் நீதிமன்றம் தலையிடும். வேண்டுமென்றே மறைக்கத்தான் அழித்தார்கள் என்று தெரிந்தால், அந்தத் தகவல் உங்களுக்கு எதிரானதுதான் என்று ஜூரி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், வழக்கையே உங்களுக்கு எதிராக முடித்துவிடலாம். ஜுபுலேக் என்ற பெண் யூ.பி.எஸ். வார்பர்க் மேல் போட்ட வழக்கில் மெயில்கள் அழிந்துபோன விவகாரம் பெரிதாகி, 2005-ல் ஜூரி அவருக்கு 2.9 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. இந்தத் துறையே அந்த வழக்கில் வந்த உத்தரவுகளைப் படித்துத்தான் வளர்ந்தது.

நீங்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை என்றால் அங்கிருந்து நேராகச் சம்மன் அனுப்பி உங்களை இழுப்பது எளிதில்லை. வெளிநாட்டுச் சாட்சியம் பெறுவதற்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2007-ல் சேர்ந்திருக்கிறது, அந்த வழியில் வரலாம். ஆனால் பர்ச்சேஸ் ஆர்டரில் நீங்களே ஒத்துக்கொண்டிருக்கிறீர்களே, அது போதும் உங்களைக் கட்டிப்போட. பிறகு அந்தக் கஸ்டமர் நஷ்டத்தை உங்கள் தலையில் வைக்கப் பார்த்தால் உங்களைக் காப்பாற்றப்போவதும் இதே டெஸ்ட் சர்டிஃபிகேட்டும் மெயிலும்தான். இதை எம்.டி.யிடம் சொல்லுங்கள்.

இந்தியாவில் இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2024 ஜூலை 1 முதல். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இருந்த இடத்தில் பிரிவு 63. மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் இப்போது இரண்டு பகுதி. ஏ பகுதி பதிவைத் தருகிறவர் கொடுப்பது, பி பகுதி நிபுணர் கொடுப்பது. எந்தக் கருவி, அதன் சீரியல் நம்பர், ஃபோன் என்றால் ஐ.எம்.ஈ.ஐ. என்ற அதன் அடையாள எண், ஃபைலின் ஹாஷ் மதிப்பு (ஃபைலின் கைரேகை மாதிரி, உள்ளே எது மாறினாலும் இதுவும் மாறும்), அதைப் போட்ட முறை எஸ்.எச்.ஏ. 1-ஆ, எஸ்.எச்.ஏ. 256-ஆ, எம்.டி. 5-ஆ என்பது வரை படிவத்தில் கேட்கிறார்கள். ஆகவே வெண்டரிடம், எக்ஸ்போர்ட் எடுக்கும்போது ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் போட்டு அறிக்கை தருமா, யார் எப்போது எடுத்தார் என்ற பதிவு நிற்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த மென்பொருள் நம் கோர்ட்டுக்கு உதவாது.

இந்தச் சான்றிதழ் விஷயத்தில் நம் பக்கத்து வழக்குதான் முன்னோடி. 2011 சட்டமன்றத் தேர்தலில் மலப்புறத்து ஏறநாடு தொகுதி சம்பந்தமாக பி.வி. அன்வர் போட்ட வழக்கில், பிரசாரப் பேச்சும் பாட்டும் அடங்கிய சி.டி.களைச் சான்றிதழ் இல்லாமல் கொடுத்தார்கள், உச்ச நீதிமன்றம் 2014-ல் அவற்றை ஏற்கவில்லை. நடுவில் 2018-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள், 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் மறுபடி அன்வர் தீர்ப்பையே உறுதி செய்தார்கள். கையில் சி.டி. இருந்தும் ஒரு தாள் இல்லாததால் போன கேஸ்.

எத்தனை வருஷம் வைக்க வேண்டும் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கம்பெனிச் சட்டம் பிரிவு 128-ன்படி கணக்குப் புத்தகங்களும் அதற்கான வவுச்சர்களும் 8 நிதியாண்டு. ஜி.எஸ்.டி. கணக்கு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். சர்வர் லாக் 180 நாள், 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு. ஹோல்ட் வந்துவிட்டால் இந்தக் கெடு முடிந்தாலும் அழிக்கக் கூடாது. அதற்காக எல்லாவற்றையும் காலத்துக்கும் வைத்திருப்பதும் வேண்டாம், தேவை தீர்ந்த தனிநபர் தகவலை அழிக்க வேண்டும் என்றுதான் 2023-ன் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வகை வகையாகக் கெடு வைக்க வசதி இருக்கிற மென்பொருளாகப் பாருங்கள்.


ஆரம்பாக்கம் ரிவ்யூ மேசை:

நான் சென்னையில் அமெரிக்க வக்கீல் கம்பெனிகளுக்கு டாக்குமென்ட் ரிவ்யூ, அதாவது வழக்குக்கு வேண்டியது எது என்று ஆவணங்களைப் படித்துப் பிரிக்கிற வேலை, செய்கிற இடத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். மேலே எல்லாரும் எடுத்து வைப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். எடுத்து வைத்ததில் தேடினால் கிடைக்குமா என்பது என் வேலை, அங்கேதான் எங்களுக்கு வருகிற கேஸ்களில் பாதி கெட்டுப்போகிறது.

தம்பி, உங்கள் ஹீட் நம்பர் எப்படி எழுதுவீர்கள்? நடுவில் கோடும் சாய்கோடும் இருக்கும் இல்லையா? பல தேடல் மென்பொருள்கள் அந்தக் கோட்டைக் கண்டதும் வார்த்தையை அங்கேயே வெட்டிவிடும். ஒரே நம்பராக நீங்கள் நினைப்பது அதன் இண்டெக்ஸில் மூன்று துண்டாக இருக்கும். தேடினால் ஒன்றும் வராது, அல்லது 22 என்று எண் இருக்கிற எல்லா மெயிலும் வந்து குவியும். வெண்டர் டெமோவில் "இன்வாய்ஸ்" என்று தேடிக் காட்டுவார், அது எதில் தேடினாலும் வரும். உங்கள் ஹீட் நம்பரைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது மொழி. தமிழில் "கொ" என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கத் தெரியாத மென்பொருளில் "கொதிகலன்" என்று தேடினால் பாதிதான் கிடைக்கும். மலையாளத்தில் சில்லெழுத்துகள் (உயிர் சேராமல் தனியே நிற்கிற மெய்யெழுத்துகள்) இன்னும் மோசம், 2008-ல் யூனிகோட் 5.1 வந்த பிறகுதான் அவற்றுக்குத் தனி இடம் கிடைத்தது, அதற்கு முந்தைய முறையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக் குறி வைத்து எழுதினதும் இன்னும் புழக்கத்தில் உண்டு. பழைய பாமினி, டி.எஸ்.சி. மாதிரி ஃபான்டில் அடித்த ஃபைல் இருந்தால் மென்பொருளுக்கு அது வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை.

இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிற தமிழுக்கு எந்த மென்பொருளும் மந்திரம் வைத்திருக்கவில்லை. ஒருவர் "அனுப்பியாச்சு" என்பதற்கு இரண்டு பி போடுவார், ஒருவர் ஒன்று, ஒருவர் கடைசி உகரத்தையே விட்டுவிடுவார். நாங்கள் என்ன செய்வோம் என்றால், அந்த ஆள் எழுதின நூறு மெசேஜை முதலில் உட்கார்ந்து படிப்போம். அவர் கை எப்படிப் போகிறது என்று பிடிபட்ட பிறகு தேடுசொல் பட்டியல் போடுவோம். ஒரு கேஸில் பொருள் பழுது என்பதற்கு அந்தக் கம்பெனி சூப்பர்வைசர் "சொத்தை" என்றே எழுதியிருந்தார், டிஃபெக்ட், கிராக் என்று தேடினவர்களுக்கு மூன்று வாரம் ஒன்றும் சிக்கவில்லை. உங்கள் பட்டறையில் புளோஹோலுக்கு (வார்ப்பில் காற்று அடைபட்டு வருகிற ஓட்டை) என்ன சொல்வார்கள் என்று மோல்டிங்காரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, நேரம். பல மென்பொருள்கள் எக்ஸ்போர்ட்டில் நேரத்தை யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் போடும், நமக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால். நைட் ஷிஃப்டில் விடியற்காலை 2 மணிக்குப் போன மெயில் முந்தைய நாள் தேதியில் நிற்கும். ஷிஃப்ட் ரிஜிஸ்டரும் மெயிலும் ஒத்துப்போகவில்லை என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். எந்த நேர மண்டலம் என்பதை எக்ஸ்போர்ட்டில் குறிக்கிறதா என்று பாருங்கள்.


வாளையார்க்காரன்:

அக்கா, படித்துவிட்டு நேராகப் போய்ப் பார்த்தேன், எங்கள் ஹீட் நம்பரில் ஒரு கோடும் ஒரு சாய்கோடும் இருக்கிறது. போத்தனூர் அண்ணா, டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் ஒருவர் ரிசைன் செய்து 19 நாள் ஆகியிருக்கிறது, லைசென்ஸை நான்தான் எடுத்தேன். இன்று காலை மெயில்பாக்ஸை மீட்டுவிட்டேன். கை நடுங்கிவிட்டது அண்ணா, ரொம்ப நன்றி.

வெண்டர்களை அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுகிறேன். சோதனைக்கு என்ன கொடுப்பது, கொஞ்சம் சொல்லுங்கள் அக்கா.


ஆரம்பாக்கம் ரிவ்யூ மேசை:

உங்கள் கையாலேயே ஐம்பது ஃபைல் தயார் செய்யுங்கள், அதில் எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டும். ஹீட் நம்பர் நாலு விதமாக எழுதின மெயில், அதே நம்பர் ஸ்கேன் செய்த டெஸ்ட் சர்டிஃபிகேட்டுக்குள், ஜிப் ஃபைலுக்குள் இருக்கிற எக்செல் ஷீட்டின் இரண்டாம் பக்கத்தில், பாஸ்வேர்டு போட்ட பி.டி.எஃப்.பில், ஆட்டோகேட் டிராயிங்கில். "கொ" இரண்டு விதம், மலையாளச் சில்லு இரண்டு விதம். ஒரே மெயில் மூன்று பேருக்குப் போனது. அட்டாச்மென்டுக்குப் பதில் ஒன்டிரைவ் லிங்க் போட்ட மெயில் ஒன்று, அனுப்பின பிறகு அந்த ஃபைலை நீங்கள் திருத்திவிடுங்கள். அனுப்பின அன்றைய வடிவம் கிடைக்கிறதா, திருத்தினது வருகிறதா என்று பார்க்கலாம்.

தேடி எத்தனை வந்தது என்பதோடு நிற்காதீர்கள். "எதையெல்லாம் உங்களால் படிக்க முடியவில்லை?" என்று கேளுங்கள், பாஸ்வேர்டு ஃபைல், கெட்டுப்போன ஃபைல், டிராயிங் எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். அந்தப் பட்டியலே தரத் தெரியாத மென்பொருள், படிக்காததையும் படித்ததாகக் காட்டுகிறது என்று அர்த்தம். நான் இதை ரொம்பக் கண்டிப்பாகப் பார்ப்பேன்.

கைப்பட எழுதின ஃபர்னஸ் நோட்டை ஓ.சி.ஆர். (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற மென்பொருள்) படிக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், அச்சுத் தமிழை ஓரளவு படிக்கும், ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் கிறுக்கினதை எங்கே படிப்பது. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, தேதியும் ஹீட் நம்பரும் ஒருவரை உட்கார வைத்துத் தட்டச்சு செய்துவிடுங்கள். நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.


தடா ரயில்:

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி ஐ.டி.யில் இருக்கிறேன், கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் தடாவுக்கு ரயில். எங்களிடம் தெலுங்கு, தமிழ், ஜப்பானிய மெயில் மூன்றும் உண்டு, ஜப்பானியத்தில் வார்த்தைக்கு நடுவே இடைவெளியே கிடையாது என்பதால் அக்கா சொன்ன தேடல் கஷ்டம் எங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

எனக்குத் தோன்றுவது, உங்கள் அளவுக்கு ஆர்க்கைவும் ரிவ்யூவும் ஒரே மென்பொருளில் இருக்க வேண்டியதில்லை. ரிலேட்டிவிட்டி, நியூக்ஸ் மாதிரி பெரியவை வக்கீல் கம்பெனிகளும் அவர்களுக்கு வேலை செய்கிறவர்களும் வைத்திருப்பது, ஒரு கேஸுக்காக நீங்கள் அதை வாங்கி வைத்தால் கேஸ் முடிந்ததும் தொடக்கூட ஆள் இருக்காது. உங்களுக்கு வேண்டியது எடுத்து வைத்து, ஹோல்ட் போட்டு, சுத்தமாக வெளியே எடுத்துக் கொடுக்கிற வரை. மெயிலுக்கு மட்டும் என்றால் மெயில்ஸ்டோர் சர்வர் உங்கள் அளவுக்குப் பொருந்தும், பி.எஸ்.டி.யை நேராக உள்ளே இழுக்கும், பி.எஸ்.டி.யாகவோ, எதிலும் திறக்கக்கூடிய, மெயிலுக்கு ஒரு ஃபைலான ஈ.எம்.எல்.லாகவோ வெளியேயும் தரும். லினக்ஸ் தெரிந்த ஆள் இருந்தால் பைலர் ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் காசு இல்லை, ஆனால் ராத்திரி நின்றுபோனால் நீங்கள்தான் எழுந்து பார்க்க வேண்டும். இரண்டு பேர் டிபார்ட்மென்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மெயில் கூகுளில் இருப்பவர்களுக்கு, இதே வேலைக்கான கூகுளின் வால்ட், பிசினஸ் பிளஸ் திட்டத்திலிருந்து வருகிறது, அதற்குக் கீழே உள்ள திட்டங்களில் இல்லை.

போத்தனூர்க்காரர் சொன்ன எக்ஸ்போர்ட் கேள்வியை நானும் அழுத்திச் சொல்கிறேன். எண்டர்பிரைஸ் வால்ட் என்ற பழைய ஆர்க்கைவ் கே.வி.எஸ். என்ற கம்பெனியில் தொடங்கி, 2004-ல் வெரிட்டாஸ், 2005-ல் சைமென்டெக், பிறகு பிரிந்து மறுபடி வெரிட்டாஸ், 2024 டிசம்பரில் ஆர்க்டெரா என்று கை மாறி வந்திருக்கிறது. மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் எட்டு வருஷம் வைக்கிற பொருளை இன்று விற்கிற கம்பெனி எட்டாவது வருஷம் அதே பெயரில் அதே விலையில் இருக்கும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது.

ஜி.பி. கணக்கில் விலை சொன்னவரிடம் ஒன்று கேளுங்கள், ஜிப்பை விரித்த பிறகு வருகிற ஜி.பி.யா, விரிப்பதற்கு முன்னாலா. ஒரே அட்டாச்மென்ட் முப்பது பேருக்குப் போயிருந்தால் ஒன்றாக எண்ணுவாரா, முப்பதாகவா. உங்கள் ஆறு மடங்கு வித்தியாசத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.


வாளையார்க்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சோதனை வைத்தோம். அக்கா சொன்ன மாதிரி ஐம்பது ஃபைல், நானும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தயார் செய்தோம். மூன்று வெண்டரில் ஒருவருடையது ஹீட் நம்பரைக் கோடு இல்லாமல் எழுதினால் மட்டும் கண்டுபிடித்தது. இன்னொருவருடையது ஹீட் நம்பரை எப்படி எழுதினாலும் கண்டுபிடித்தது, படிக்க முடியாதவற்றின் பட்டியலைக் கேட்டபோது அப்படி எதுவும் இல்லை என்றது, பாஸ்வேர்டு போட்ட இரண்டு பி.டி.எஃப். அதில் இருந்தும்கூட. மூன்றாமவருடையது பட்டியல் கொடுத்தது, "கொ"வில் தடுமாறியது, ஆனால் வந்த இன்ஜினியர் அதை எழுதி எடுத்துக்கொண்டு போய் நாலு நாளில் சரிசெய்து வந்து காட்டினார். ஹாஷ் அறிக்கையும் நேர மண்டலமும் அதில் இருந்தது. வெளியேறும்போது ஈ.எம்.எல்.லாக 30 நாளில் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுத ஒத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் அவர்களிடம் ஆர்க்கைவ் மட்டும்தான் எடுத்தோம், ரிவ்யூ பகுதியை எடுக்கவில்லை. ஹீட் நம்பர்களைத் தொட்ட 38 பேருக்கு மட்டும் பிசினஸ் பிரீமியம் ஏற்றி ஹோல்ட் போட்டாயிற்று. பி.எஸ்.டி. மட்டும் 61 கிடைத்தது, ஒன்று பேட்டர்ன் ஷாப்பில் தூசிக்கு நடுவே மூடி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில், 2 ஜி.பி.யைத் தொட்டு நிற்கிறது. திறக்காமல் டிஸ்க்கையே அப்படியே பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் மூன்று குரூப்பில் 90 நாளில் மறைகிற மாதிரி யாரோ போட்டு வைத்திருந்தார்கள், அதை நிறுத்தினோம்.

பட்டறையில் கேட்டேன் அக்கா. புளோஹோலை இங்கே "கொப்புளம்" என்றும் "ஊதல்" என்றும் சொல்கிறார்கள், மலையாளம் பேசுகிறவர்கள் "தொள" என்று. மூன்றையும் பட்டியலில் சேர்த்தாயிற்று.

வக்கீல் சாருக்கு ஒரு கேள்வி. ரிசைன் செய்த அந்த டிஸ்பாட்ச் சூப்பர்வைசரின் ஃபோன் அவருடைய சொந்த ஃபோன். எடை போட்ட சீட்டு, லாரி போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. இப்போது வேலந்தாவளத்தில் இருக்கிறார். போய்க் கேட்டால் தருவார், நல்ல மனிதர். எப்படி வாங்குவது?


பாலக்காட்டு வக்கீல்:

ஃபோனை வாங்கி வராதீர்கள். அவருடைய எழுத்துச் சம்மதத்தோடு, அவர் முன்னாலேயே, இந்த வேலை தெரிந்த தடயவியல் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரதி எடுங்கள், கம்பெனி குரூப்புகள் மட்டும், வீட்டு விஷயம் எதையும் தொடாமல். ஐ.எம்.ஈ.ஐ., எடுத்த தேதி, நேரம், ஹாஷ் எல்லாம் அங்கேயே எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள், ஏ பகுதிச் சான்றிதழ் அவர்தான் தர வேண்டிவரும். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று ஒரு தாள் கூடவே போகட்டும். போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்பினதா, கேலரியில் மூலப் படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப் வழியாகப் போனால் படத்துக்குள் இருக்கிற தேதி, இட விவரம் உதிர்ந்துவிடும், மூலப் படம் இருந்தால் அதுதான் வேண்டும்.

அவர் ஃபோன் மாற்றுவதற்கு முன்னால் போங்கள். இந்த வாரமே போவது நல்லது.


வாளையார்க்காரன்:

சரி சார். வியாழக்கிழமை போகிறோம், அவரிடம் பேசிவிட்டேன். கேலரியில் எதையும் அழிக்கவில்லையாம்.